குற்றாலத்தில் ஓர் அமெரிக்கப் படகு

போன மாதம் எங்கள் இலாகாவில் இன்னும் வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கம் கரையில் அநாதையாகக் கிடந்த ஒரு ஃபைபர் படகைப் பிடித்தாராம். அது எங்கே செய்தது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டேன். கால் மணி நேரம் என்றார். படகின் பின்பலகையில் வலது ஓரமாகப் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் பொறித்திருக்குமாம்; கம்ப்யூட்டரில் தட்டினால் கம்பெனி பெயர், செய்த மாதம், வருஷம் எல்லாம் வந்து விழுந்துவிடுமாம். "உங்க காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார். என் காலத்தில் ஒரே ஒரு படகுதான், அதற்குப் பதினெட்டு நாள் ஆயிற்று, கண்டுபிடித்ததும் நானில்லை என்றேன். மனிதர் காபியை ஆறவிட்டுவிட்டுக் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்ட ஒரு சங்கதியும் இதில் உண்டு.

மத்திய கலால் இலாகாவில் நான் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் புகையிலைக் கிட்டங்கிகளில் நின்று தும்மினேன். பயிற்சி முடிந்தது என்று தாள் கொடுத்தார்கள். அங்கே இங்கே சுற்றிவிட்டு அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். கடல் வழியாக வந்த கள்ளச் சரக்கு உள்ளூருக்குள் நுழைந்துவிட்டதென்று புகார் வந்தால் அதையும் நாங்களே பார்க்க வேண்டும். தென்காசிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் நினைத்தேன். சாரல் மாதங்களில் குற்றாலத்துக் கடைகளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. கொழும்பு சோப்பு, சிங்கப்பூர் டார்ச் லைட், அது இது என்று எல்லாம் அங்கே கிடைத்தது.

எனக்கு மேலே இருந்தவர் சூப்பரின்டெண்ட் ஞானமுத்து. பாளையங்கோட்டைக்காரர். ஒரே ஒரு தடவை தவிர அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் அச்சடித்த புத்தகம் மாதிரித்தான் கேட்பார் என்று எங்களுக்குள் பேச்சு. நாம் ஓடிப்போய் ஒரு செய்தியைச் சொன்னால், "எழுதிக் கொண்டு வாரும்" என்பார். எழுதிக் கொண்டு போனால் ஒரு வார்த்தை பேசாமல் வாசித்து, ஓரத்தில் பச்சை மையால் ஒரு கேள்வி போட்டுத் திருப்பித் தருவார். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியை நான் முதலில் லேசாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு சாரல் சீசனில் குற்றாலத்துக் கடையொன்றில் பிரெஞ்சு எழுத்து போட்ட வாசனைப் புட்டிகள் பன்னிரண்டைப் பிடித்து, "பிரான்ஸ் தேசத்துச் சென்ட்" என்று அறிக்கை எழுதி நீட்டினேன். பச்சை மையில், "முகர்ந்து பார்த்தீரா?" என்று வந்தது. திறந்து முகர்ந்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் கையில் அடிக்குமே, அதே சந்தனாதித் தைலம். புட்டி மட்டும்தான் பிரான்சிலிருந்து வந்திருந்தது. அலுவலகத்தில் ஒரு மாதம் என்னை எல்லாரும் "பாரிஸ்காரர்" என்று கூப்பிட்டார்கள்.

இனிப் படகு. அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதக் கடைசியில், சாரல் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, எங்களுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. எழுதியவர் யாரோ சீசனுக்கு வந்துபோன வெளியூர்க்காரர். ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ள குளத்தில் ஒருவன் "கண்ணாடிப் படகு" என்று கூவி ஆளேற்றுகிறான், ஏறிக் குனிந்து பார்த்தால் ஒரு மீனும் தெரியவில்லை, இது மோசடி என்று முதல் பக்கம் முழுக்கப் புலம்பியிருந்தார். ஃபைபர் கிளாஸ் என்பதில் கிளாஸ் இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு வந்த வினை. இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில், "மேற்படி படகு அமெரிக்காவிலிருந்து வரி கட்டாமல் வந்த திருட்டுச் சரக்கு என்பதை அவனே பெருமையாகச் சொல்கிறான்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் அது எங்களிடம் வந்தது.

படகின் சொந்தக்காரர் மைதீன். கடையநல்லூர்க்காரர், முப்பது முப்பத்திரண்டு வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். மனைவியின் காதில் கழுத்தில் கிடந்ததெல்லாம் கழற்றி, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கேட்பாரற்றுக் கிடந்த அந்த மோட்டார் படகை வாங்கி வந்து மூன்று சீசனாக ஓட்டிக்கொண்டிருந்தார். படகின் மூக்கில் ஒரு பக்கம் அரை முழ எழுத்தில் "அமெறிக்கா" என்று எழுதியிருக்கும். பெயின்டர் "ரி"க்குப் பதில் "றி" போட்டுவிட்டான். யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

நான் போனபோது படகு வேடிக்கை பார்க்க வந்த ஆபீசர் என்று நினைத்து மனிதர் எனக்கு நாற்காலி போட்டார். எங்கே செய்ததப்பா இது என்று கேட்டேன். அவ்வளவுதான்.

"அமெரிக்காவுல சார். அசல் சரக்கு. ஒரு தொர எஸ்டேட்டுல கெடந்துது. இதுல ஒரு ஆணிகூட நம்மூரு ஆணி கெடையாது. நீங்க தட்டிப் பாருங்களேன், சத்தமே வேற மாதிரி இருக்கும்."

அத்தனையையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். அழகான கையெழுத்தாகப் போட்டார். அதன் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னேன். வெளிநாட்டுச் சரக்கென்றால் அது வந்ததற்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் படகு போய்விடும், வழக்கும் வரும், வழக்கு ஜெயிலில் போய் முடிந்தாலும் முடியும் என்றேன். எஸ்டேட் துரை ஊரைவிட்டே போய்ப் பல காலம். பிறகு வாங்கி மாட்டிய இஞ்சினுக்கு மட்டும் மதுரைக் கடை ரசீது இருந்தது. படகுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மைதீனின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். "சார், நான் பெருமைக்குச் சொன்னதுதான் சார்" என்றார். எழுதிக் கையெழுத்தானதை நான் எப்படி அழிப்பது?

படகைக் கரையேற்றி ஒரு புளியமரத்தடியில் போட்டு, கயிறு சுற்றி அரக்கு முத்திரை வைத்தோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. நான் வெட்கப்பட்டு மறைத்த சங்கதி இதுதான்: போன சீசனில் நானே என் மனைவியை அந்தப் படகில் ஏற்றி இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன். "இது அமெரிக்கப் படகாக்கும், தெரியுமா" என்று அவளிடம் நானும் அளந்திருக்கிறேன். அப்போது எனக்கு எந்தச் சட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நாலாம் நாள் முதல் அறிக்கை எழுதினேன். பின்பலகையில் தகடு இருந்ததற்கு அடையாளமாக நாலு ஆணித் துளைகள் இருக்கின்றன, ஆகவே வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்த் தகடு வேண்டுமென்றே கழற்றப்பட்டிருக்கிறது என்று. பச்சை மை: "துளைகள் எந்தப் பாஷை பேசின?"

அடுத்த நாள் ஞானமுத்தே கிளம்பி வந்துவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு படகைச் சுற்றி மூன்று முறை வந்தார். மெல்லிய தாளைப் படகின் மேல் விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொன்னார். அப்படித் தேய்த்தால், பெயின்டுக்கு அடியில் எழுத்து புடைத்திருந்தால் தாளில் வந்துவிடும். தலையிலிருந்து வால் வரை தேய்த்தேன், நாற்பது தாள். கரி பூசிய கையும் நாற்பது கறுப்புத் தாள்களும்தான் மிச்சம். "நல்லது. வெளியே ஒன்றுமில்லை. உள்ளே பாரும்" என்றார்.

உள்ளே கால் வைக்கிற பலகைகளைக் கழற்றிவிட்டு, டர்பன்டைனும் உப்புத்தாளுமாக உட்கார்ந்தேன். மேலே நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் வெள்ளை. வெள்ளையும் போன பிறகு, பாகு மாதிரி மஞ்சளாக உறைந்த பசைக்குள்ளே துணி தெரிந்தது. ஃபைபர் படகென்பது அப்படித்தான். கண்ணாடி நாரில் நெய்த துணியைப் பசையில் தோய்த்து அடுக்கு அடுக்காக ஒட்டிக் காயவைப்பது. இதில் வெள்ளைத் துணிக்கு நடுவே ஓர் அடுக்கு மட்டும் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கையளவு அறுத்தெடுத்துக்கொண்டு ஓடினேன். எழுதிக் கொண்டு வாரும் என்றார். எழுதினேன்: "அயல்நாட்டு வேலைப்பாடுள்ள, கட்டம் போட்ட உயர்ரகக் கண்ணாடித் துணி."

ஞானமுத்து அறிக்கையை வாசித்தார். துண்டைப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பச்சை மையில் எழுதித் தந்தார்: "இதை நீர் இடுப்பில் கட்டியதில்லையா?"

கைலி! நம்மூர் கைலி. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் பேன்டைக் கழற்றிவிட்டு நான் கட்டுகிற அதே சிவப்புக் கட்டம். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. படகு தப்பித்தது என்று மைதீனிடம் சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டேன்.

"இரும்" என்றார் ஞானமுத்து. "எங்கோ உடைந்த இடத்தில் நம்மவர் யாரேனும் கைலியை வைத்து ஒட்டியிருக்கலாம். ஏழு இடத்தில் சுரண்டிப் பாரும்."

மூக்கு, வால், இரண்டு விலா, நடு அடி என்று ஏழு இடத்தில் சுரண்டினேன். ஏழிலும் கைலி. இப்போதாவது எழுதலாமா என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை. நம்மூர்க் கைலி ரங்கூனுக்குப் போகிறது, பினாங்குக்குப் போகிறது, சிங்கப்பூருக்குப் போகிறது. அங்கே எவனாவது வாங்கிப் படகுக்குள் வைத்து ஒட்டியிருந்தால் அது வெளிநாட்டுப் படகுதானே என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாரலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. மைதீன் தினமும் காலையில் வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வாயாடி மனிதர் வாயைத் திறக்காமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு கடையநல்லூர் போனேன். தறிச் சத்தம் கேட்ட முதல் வீட்டில் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்துச் சிரித்தார். துண்டின் ஓரத்தில், கரையில், ஒரே ஒரு பச்சை இழை ஓடுவதைக் காட்டி, இது அசனார் தறியாக்கும், அவர்தான் இப்படி அடையாளம் போடுவார் என்றார்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டால் அதை அவரிடமே கேளுங்கள் என்றுவிட்டார்கள்.

அசனார் அறுபது வயதுக்காரர், ஒல்லி, புருவம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் சட்டென்று கடுத்துப்போயிற்று.

"இந்த மூதேவிய எங்கனவே புடிச்சீரு? நான் தள்ளுபடி பண்ணுன கைலில்லா இது."

விரலை வைத்துக் காட்டினார். பத்துச் சிவப்பு இழை விழுந்த பிறகு இரண்டு வெள்ளை இழை விழவேண்டும். துண்டில் சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் நாலு. குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை ஒரு தடவை போட்டுத் திருப்பியவன், போட்டோமா இல்லையா என்று மறந்து மறுபடியும் போட்டிருக்கிறான். இப்படி ரெண்டுக்கு நாலு போடுகிறவன் கடையநல்லூரிலேயே ஒருத்தன்தான் என்றார். யார் அது என்று கேட்டேன்.

"எம் மவன்தான். தறியில உக்காந்தா வாயி ஓயாது. பேசிப் பேசி நூலைக் கோட்டை விட்டுருவான். பத்து வருசத்துக்கு முந்தி கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுனேன். இப்பம் குத்தாலத்துல கப்பல் விடுதானாம், தொர."

மைதீனின் வாக்குமூலத்தில் "த/பெ அசனார்" என்று நானே எழுதியிருந்தேன். கடையநல்லூரில் தெருவுக்கு நாலு அசனார் உண்டென்பதால் எனக்குத் தோன்றவில்லை. தகப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. மகனின் படகுக்கு முத்திரை விழுந்ததுகூடக் கிழவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பயந்து சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். கிழவர் துண்டை மடித்து என் கையில் வைத்தார். பிறகு, பழுது விழுந்த கைலியைக் கப்பலுக்கு அனுப்புகிற வியாபாரி தொடமாட்டார், அதனால் அந்தத் தள்ளுபடிச் சிப்பத்தையெல்லாம் செங்கோட்டை வியாபாரி ஒருவருக்கு எடைக்குப் போட்டேன் என்றார்.

செங்கோட்டைக்குப் போனேன். வியாபாரிக்கு நன்றாக ஞாபகமிருந்தது. கொச்சிக் காயலோரம் ஓர் ஆள் வெளிநாட்டுப் படகொன்றைப் பார்த்து அச்செடுத்து இரண்டு மூன்று படகு செய்தானாம். கண்ணாடித் துணி விலை கட்டுபடியாகாமல் நடுவில் வைக்க மலிவுத் துணி கேட்டானாம். சிப்பம் முழுவதையும் அவனிடம் தள்ளினேன் என்றார். அந்தப் படகுகளில் ஒன்றைத்தான் மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் துரை வாங்கினாராம். பட்டறை மூடி நாளாயிற்று.

சங்கிலி முழுவதும் கிடைத்துவிட்டது. குஷியாக எழுதிக் கொண்டு போனேன். ஞானமுத்து நிதானமாக வாசித்து, அசனார் என்ற பெயருக்குக் கீழே பச்சைக் கோடு ஒன்று போட்டார். துணி தள்ளுபடித் துணி என்றால் படகு உள்நாட்டுப் படகு, சரி. ஆனால் அது தள்ளுபடித் துணி என்று சொல்கிறவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவனின் தகப்பன். தகப்பன் மகனுக்குச் சாதகமாகச் சொல்லமாட்டானா என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். நானும் கேட்கிறேன் என்றார். சற்று யோசித்துவிட்டு, "அந்த மைதீனைத் தறியில் உட்கார வையும்" என்றார். "காரணத்தை அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. தகப்பனும் சொல்லக் கூடாது. ஒரு முழம் நெய்யட்டும். பிழை தானாக வருகிறதா பார்ப்போம்."

பதினேழாம் நாள் காலையில் அசனார் வீட்டில் கூடினோம். ஞானமுத்து, நான், சாட்சிக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவர். மைதீன் பத்து வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் வந்தார். தகப்பனைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார். சர்க்கார் சொல்கிறது, நெய் என்றோம். ஏன் எதற்கு என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார்.

பாருங்கள், அவர் பிழை செய்தால் படகு மிஞ்சும். ஒழுங்காக நெய்தால் போயிற்று. இது எங்களுக்கெல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாப்பா பின்னால் நிற்கிறார் என்பதுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு நெய்தார். பத்துச் சிவப்பு, இரண்டு வெள்ளை. பத்துச் சிவப்பு, இரண்டு வெள்ளை. பலகை அடிக்கிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒரு சாண் வந்துவிட்டது. ஒரு பழுது கிடையாது. வாழ்நாளில் அவர் அவ்வளவு சுத்தமாக நெய்திருக்கமாட்டார்.

அசனார் என் காதோரம் குனிந்து பல்லைக் கடித்தார். "வாயத் தொறக்க மாட்டேங்கானே, பாவி."

அது ஞானமுத்துவின் காதிலும் விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். விசாரணையில் தேவையில்லாத கேள்வி ஒன்றை அவர் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மைதீன், உம்முடைய இஞ்சின் சத்தம் ஐந்தருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்குமாமே. மெய்தானா?"

ரசீது உள்ள இஞ்சின். பயப்பட வேண்டியதில்லை. மைதீன் முதலில் "ஆமா சார்" என்று மட்டும் சொன்னார். பத்துச் சிவப்பு, இரண்டு வெள்ளை. பிறகு, "மீறியா? பேரருவியில குளிக்கவன் திரும்பிப் பாப்பான் சார்" என்றார். அதற்கப்புறம் பதினேழு நாள் அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்தது. ஒரு கலெக்டர் குடும்பத்தோடு வந்து ஏறினது, அந்தம்மா பயந்து கத்தினது, கலெக்டர் அதைவிட உரக்கக் கத்தினது, இந்த மாதிரி படகு அமெரிக்காவிலேயே ரெண்டோ மூணோதான் இருக்கும் என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னது. கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அடுத்த கட்டத்தில் இரண்டு. அதற்கடுத்ததில் மறுபடியும் நாலு. ஞானமுத்து பூதக்கண்ணாடியை எடுத்துப் படகுத் துண்டையும் தறியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்போதுதான் மைதீனும் குனிந்து பார்த்துத் தன் பிழையைக் கண்டுகொண்டார். முகம் செத்துப்போயிற்று. "பழுது விழுந்துட்டு சார், பிரிச்சிருதேன்" என்று இழையில் கை வைத்தார்.

"பிரிக்காதே!" என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினோம். ஞானமுத்து குரல் உயர்த்தியதையும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

விஷயத்தைச் சொன்னோம். படகு தப்பித்தது, வழக்கு இல்லை, நாளைக்கே முத்திரையை உடைத்துவிடுவோம் என்றேன். மைதீன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "அப்பம் என் போட்டு அமெரிக்கா இல்லியா சார்?" என்றார், பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி.

"இல்லலே. ஒன் கைலி" என்றார் அசனார்.

மைதீன் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பனிடம் நீட்டினார். "மூணு வருசம் என் கையில, அதுக்கு முன்ன எத்தன வருசமோ, தண்ணியிலதான் கெடக்கு வாப்பா. சாயம் போயிருக்கா பாருங்க." கிழவர் வாங்கிப் பார்த்தார். போகவில்லை. அதை அவர் வாயால் சொல்லவும் இல்லை.

மறுநாள் முத்திரையை உடைத்தபோது முதல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. படிவத்தில் "தயாரிப்பு" என்ற இடத்தில் உள்நாடு என்று எழுதினேன்.

அடுத்த வாரம் தகப்பனும் மகனும் சேர்ந்து தென்காசி ஆபீசுக்கு வந்தார்கள். அசனாருக்குப் படகில் அறுத்தெடுத்த அந்தத் துண்டு வேண்டுமாம். தள்ளுபடி பண்ணின துணி உங்களுக்கு எதற்கு என்றேன். வேண்டும் என்றார், அவ்வளவுதான். வழக்கு முடிந்த பொருள், மனு கொடுத்தால் தரலாம் என்று சொன்னேன். கிழவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினார்.

எழுதத் தெரியாதவர் ரேகை வைக்குமுன் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. வாசித்தேன். "ஐயா, மேற்படி படகில் இருந்த, என் மகன் மைதீன் நெய்த நல்ல கைலித் துண்டை..."

"நிறுத்தும்" என்றார் அசனார். "என்னது, நல்லவா? நல்லன்னு நான் எங்கனவே சொன்னேன்? ஏலே, அத அடி."

மைதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தார். அடித்தல் இருந்தால் அதன் பக்கத்திலும் ஒரு ரேகை வைக்கவேண்டும் என்று நான் சொன்னேன். கிழவர் பெருவிரலை மையில் ஒற்றிக்கொண்டு தாளின் மேலே குனிந்தார். விரல் இறங்கவில்லை.

"அடிச்சா அந்த எழுத்து தெரியாதுல்லா?" என்று கேட்டார்.

இல்லை, எங்கள் இலாகாவில் ஒற்றைக் கோடுதான் போடுவோம், அடியில் இருப்பதை யாரும் வாசிக்கலாம் என்றேன். எத்தனை வருஷம் ஆனாலுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு ரேகையை அழுத்தி வைத்தார்.